திரும்பிப் பார்க்காத இமாம்

1

இந்தக் கதை எனக்குத் தொழுகையில் நின்றுகொண்டிருந்தபோது தோன்றியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்து நீங்கள் முகம் சுளிப்பதைவிட இது மேல். கைகட்டி, தலைகுனிந்து, நெற்றி வைக்கும் இடத்தைப் பார்த்தபடி நிற்கவேண்டிய நேரத்தில் நான் முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது ரக்அத்தில் (தொழுகையின் ஒரு சுற்று) தலைப்புகூடக் கிடைத்துவிட்டது.

அந்தத் தொழுகை கூடுமா கூடாதா என்று எங்கள் விடுதியில் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மத்தவங்களுக்குப் பொண்டாட்டி ஞாபகம் வருது, சூப்பர்வைசர் ஞாபகம் வருது. உங்களுக்குக் கதை ஞாபகம் வருது. எல்லாம் ஒரே வியாதிதான். பாவமன்னிப்புக் கேட்டுட்டுப் போய்ப் படுங்க" என்றார்.

கேட்டேன், படுத்தேன். கதை போகவில்லை.

நான் கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஸ்டோர்கீப்பர். கையுறை, ஹெல்மெட், இரும்புக் கயிறு, ஆணி எல்லாம் என் பூட்டுக்குள் இருக்கின்றன. கேட்பவர்களுக்கு எடுத்துக்கொடுப்பது பிழைப்பு. கேட்காதவர்களுக்குக் கதை சொல்வது கூடுதல் வேலை.

2

சில ஆரம்பங்கள்:

"அயல்நாட்டு ரமலான் இரவுகளின் தனிமையை எந்தச் சொல்லால்—"

(எந்தத் தனிமை? ஓர் அறைக்கு எட்டுப் பேர். குளியலறை வரிசையில் பதினான்கு பேர். தனியாக இருக்க ஒரு மூலை கிடைத்தால் நான் ஏன் கதை எழுதப் போகிறேன்? வேண்டாம்.)

"பிறை தெரிந்ததும் அவன் கண்கள் குளமாயின—"

(பிறையை நாங்கள் சமையல்காரரின் செல்போனில் பார்த்தோம். கண்ணாடி உடைந்த போன் அது, மூன்று பிறை தெரிந்தது. யார் கண்ணும் குளமாகவில்லை.)

"ஒரு சிக்னல்காரர் இருந்தார்."

(இது பரவாயில்லை. இதில் பொய் கிடையாது.)

ஒரு சிக்னல்காரர் இருந்தார். இப்போதும் இருக்கிறார். கிரேன் ஓட்டுகிறவர் இருபது மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கீழே பாரம் எங்கே இறங்குகிறது, யார் தலைக்கு மேல் ஆடுகிறது என்பதெல்லாம் அவருக்குச் சரியாகத் தெரியாது. கீழே நின்று வாக்கி டாக்கியில் "கொஞ்சம் வலது... இறக்கு... நிறுத்து" என்று சொல்பவர்தான் சிக்னல்காரர். சொன்னதைச் சொன்னபடி கேட்கும் ஓர் ஆள் மேலே இருந்தால் இவர் ராஜா. இவருக்கு மேலே இருந்தவர் இவருடைய சொந்த மச்சான், மனைவியின் அண்ணன். இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான்.

இருவரும் பேசிக்கொள்வதில்லை. மூன்று வருஷமாக. ஏன் என்பதைக் கடைசிவரை ஒளித்துவைத்து உங்களைத் தவிக்கவிடலாம் என்று முதலில் திட்டம் போட்டேன். ஆனால் எங்கள் விடுதியில் பூனைக்குக்கூடத் தெரிந்த சங்கதியை உங்களிடம் மட்டும் மறைப்பது அற்பத்தனம்.

3

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலை பத்து மணிக்கு சிக்னல்காரருக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது.

"வாப்பா போயிட்டாங்க. அண்ணனுக்கு அடிச்சா எடுக்கல. நீங்க சொல்லிடுங்க."

கூண்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. மச்சானின் போன் கீழே அலமாரியில் துடித்துக்கொண்டிருந்தது. மாமனார் இறந்த செய்தி மருமகன் சட்டைப் பையில் இருந்தது. மகன் மேலே இருந்தார். அன்றைக்குக் காற்று வேறு. கம்பிக்கட்டு ஆடிக்கொண்டிருந்தது.

வாக்கி டாக்கியில் சொல்லலாம். சொன்னால் லீவரைப் பிடித்திருக்கும் கை என்ன ஆகும்? "இறங்கி வாங்க" என்று மட்டும் சொல்லலாம். காரணமில்லாமல் யாரும் இறங்கச் சொல்லமாட்டார்கள், அவருக்குப் புரிந்துவிடும். அப்புறம் அறுபது மீட்டர் இரும்பு ஏணியில் நடுங்குகிற காலோடு இறங்கவேண்டும். சிக்னல்காரர் யோசித்தார். "கொஞ்சம் இடது" என்றார். மறுபடி யோசித்தார். "இறக்கு" என்றார். இப்படியே ஆறு மணி நேரம்.

நாலு மணிக்கு மச்சான் இறங்கினார். மூன்று மணிக்கே ஊருக்குப் போகும் விமானம் போய்விட்டிருந்தது. அன்றைக்கு அது ஒன்றுதான். ஊரில் இரவுத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள். மகன் ஒரு பிடி மண் போடவில்லை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாராம்.

"காலைல பத்து மணிக்கு மச்சான்."

மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே கம்பெனியின் வேறு சைட்டுக்கும் வேறு விடுதிக்கும் மாற்றல் வாங்கிக்கொண்டார்.

யார் செய்தது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்று வருஷமாக எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் இதுதான் பட்டிமன்றம். தீர்ப்பு வருவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடுகிறது.

4

(இந்தப் பகுதியில் ரமலானைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. என் மனைவிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "நல்லா இருக்கு. வெளிய கோழி கத்துது, பாத்துட்டு வரேன்" என்று போனவள் நாற்பது நிமிஷம் வரவில்லை. எடுத்துவிட்டேன்.)

5

விஷயத்துக்கு வருகிறேன். ரமலானில் இரவுத் தொழுகையான இஷா முடிந்ததும் தராவீஹ் என்று கூடுதல் தொழுகை உண்டு. இரண்டிரண்டு ரக்அத்தாகப் போகும். நின்று, குனிந்து, நெற்றி வைத்து எழுந்தால் ஒரு ரக்அத். சிலர் எட்டுடன் நிறுத்துவார்கள், சிலர் இருபது. இதற்காக அடிதடி வரை போனவர்கள் உண்டு. எங்கள் விடுதியில் சாப்பாட்டு மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஹஜ்ரத் தொழவைப்பார்.

இந்த ரமலானில் ஒரு நாள் எங்களுக்கு ஓவர்டைம். வந்து சேர்ந்தபோது ஹஜ்ரத்தின் தொழுகை முடிந்து கூடம் காலி. சமையல்காரர் மேசைகளைப் பழையபடி இழுத்துப் போடத் தயாராகக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். நடுக்கூடத்தில் ஒரே ஓர் ஆள், தொப்பி போட்டு, மஞ்சள் கோட்டுச் சட்டை போட்டு, எங்களுக்கு முதுகு காட்டித் தனியாக இஷா தொழுதுகொண்டிருந்தார். மஞ்சள் கோட்டுச் சட்டையில் பின்னாலிருந்து பார்த்தால் அந்தக் கம்பெனியில் எல்லாரும் ஒரே ஆள்தான்.

நாங்கள் நாலைந்து பேர் ஒன்றாக நுழைந்தோம். அதில் பக்கத்து விடுதிக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் விடுதியில் மோட்டார் பழுதாகி, முகம் கைகால் கழுவத் தண்ணீர் இல்லாமல் எங்களிடம் வந்தவர்கள். அவர்களில் முன்னால் போன உயரமானவர் ஒருவர், தனியாகத் தொழுதுகொண்டிருந்தவரின் தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் பின்னால் வந்து நின்றார்.*

* தெரியாதவர்களுக்கு: தனியாகத் தொழுகிறவர் தோளில் தட்டினால் "உங்களைப் பின்பற்றி நாங்களும் நிற்கிறோம்" என்று அர்த்தம். அந்த நொடியிலிருந்து அவர் இமாம். சம்மதமா என்று யாரும் கேட்பதில்லை. அவரும் பதில் சொல்ல முடியாது. குரலை உயர்த்தி ஓதவேண்டும், அவ்வளவுதான். உலகத்தில் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் பதவி வேறு இல்லை.

தட்டியவர் மச்சான். தட்டப்பட்டவர் சிக்னல்காரர்.

எனக்கு அப்போது இரண்டுமே தெரியாது. மச்சானின் இடப்பக்கம் நின்றேன். முன்னால் நின்றவர் திடுக்கிட்டு, தொண்டையைச் செருமி, சத்தமாக ஓத ஆரம்பித்தார். என் வலது தோளோடு ஒட்டியிருந்த தோள் விறைத்தது. குரலை அவர் கண்டுபிடித்துவிட்டார். முன்பு வருஷக்கணக்கில் அந்தக் குரல் சொன்னபடி இரும்பைத் தூக்கியும் இறக்கியும் வைத்தவர், கண்டுபிடிக்காமல் இருப்பாரா? வரிசையிலிருந்து விலகிப் போயிருக்கலாம். போகவில்லை.

இரண்டாவது ரக்அத்தில் சிக்னல்காரருக்கு வசனம் மறந்துவிட்டது. சொன்ன வரியையே மூன்று தடவை சொன்னார். அடுத்தது வரவில்லை. இமாமுக்கு மறந்தால் பின்னால் நிற்பவர் அடுத்த வரியை எடுத்துக்கொடுக்கவேண்டும். என் வலது காதுக்குப் பக்கத்திலிருந்து கனத்த குரல் ஒன்று எடுத்துக்கொடுத்தது.

முன்னால் அந்த முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். (தரையைப் பார்க்கவேண்டிய கண்ணால். அதற்கும் சேர்த்துத்தான் பாவமன்னிப்புக் கேட்டேன்.)

மூன்று வருஷத்தில் மச்சான் அவருக்குச் சொன்ன முதல் வார்த்தை இறைவசனமாக இருந்தது. அதை அவர் வாங்கித்தான் ஆகவேண்டும். வாங்கி, ஓதி, குனிந்தார்.

6

தொழுகை முடிந்ததும் இமாம் வலம், இடம் தலையைத் திருப்பி ஸலாம் சொல்வார். அப்புறம் உடம்போடு திரும்பி மக்களைப் பார்த்து உட்காருவார். இந்தக் கதையின் முழுச் சிக்கலும் அந்தத் திரும்பலில்தான் இருக்கிறது.

சிக்னல்காரர் வலப்பக்கம் ஸலாம் சொன்னார், தோளைத் தாண்டிக் கண் போகாத அளவுக்கு. இடப்பக்கமும் அப்படியே. பிறகு யாரோ முள்ளால் குத்தியதுபோல எழுந்து நின்று, தன்பாட்டுக்கு இரண்டு ரக்அத் தனியாகத் தொழப்போனார். பதற்றத்தில், தொழுகையைத் தொடங்கும் தக்பீரான "அல்லாஹு அக்பர்" சத்தமாக வந்துவிட்டது.

பின்னால் இருந்தவர்கள் தராவீஹ் ஆரம்பித்துவிட்டது என்று எழுந்து வரிசை கட்டினார்கள். அதற்குள் இரண்டாவது பஸ்ஸும் வந்திருந்தது. முப்பது பேர். அவருக்குத் தெரிந்தது குர்ஆனில் எட்டுச் சின்ன அத்தியாயங்கள்.

இரண்டு முடிந்தது. ஸலாம் சொன்னார். திரும்பவில்லை. எழுந்தார்.

நாலு முடிந்தது. நாலுக்கொரு தடவை சற்று உட்கார்ந்து இளைப்பாறுவது வழக்கம். உட்கார்ந்தால் திரும்பவேண்டும். அவர் உட்காரவில்லை.

எட்டு முடிந்ததும் பிளம்பர் வாயைத் திறந்தார். அவர் எட்டுக் கட்சி.

"பாய், எட்டாயிடுச்சு, எங்களுக்குக் காலைல அஞ்சு மணிக்கு—"

"அல்லாஹு அக்பர்."

தக்பீர் சொல்லிவிட்டால் பேச்சு கிடையாது. பிளம்பர் வாயை மூடிக் கையைக் கட்டினார். சிலர் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். முன்னால் நின்றவர் ஓதுவதை ஒரு கணம் நிறுத்திக் காலடிகளைக் கேட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதில் மச்சானின் காலடி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது.

பத்தாவது ரக்அத்தில் மறுபடி தடுமாறினார்.

கனத்த குரல் எடுத்துக்கொடுத்தது.

பதினொன்றிலும் தடுமாறினார். குழந்தைகள்கூடத் தூக்கத்தில் ஓதும் அத்தியாயம் அது. எடுத்துக்கொடுக்கப்பட்டது. பன்னிரண்டு, பதிமூன்று. ஒவ்வொரு ரக்அத்திலும் ஓர் இடத்தில் நின்று காத்திருப்பார், ஒரு வரி வரும். அவர் பாதி சொல்வார், இவர் மீதி சொல்வார். மூன்று வருஷம் ஒரு "நல்லா இருக்கீங்களா" சொல்லிக்கொள்ளாத இரண்டு பேர் இத்தனை சாட்சிகள் முன்னால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

(வேண்டுமென்றே மறப்பது கூடுமா என்று ஹஜ்ரத்திடம் கேட்டேன். நெடுநேரம் தாடியைத் தடவினார். "கதைலதானே?" என்றார். "ஆமா ஹஜ்ரத்." "அப்ப எங்கிட்ட ஏன் கேக்குறீங்க?")

பதினாறில் சமையல்காரர் சுவரோரம் நின்றபடியே குரல் கொடுத்தார்.

"விடியுமுன்ன ஸஹர் சாப்பாட்டுக்கு மாவு பிசையணும், மேசைய எப்பத்தான் நான்—"

"அல்லாஹு அக்பர்."

இருபது முடிந்தது. இருபதுக் கட்சிக்காரர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டு, கடைசியாக ஒற்றைப்படையில் முடிக்கவேண்டிய தொழுகைக்குத் தயாரானார்கள். சிக்னல்காரர் எழுந்து மறுபடி இரண்டு ரக்அத் ஆரம்பித்தார். உலகத்தில் எந்தக் கட்சியிலும் இல்லாத எண் அது. பிளம்பர் "சுப்ஹானல்லாஹ்" என்றார். இமாம் தப்புச் செய்தால் அப்படித்தான் சொல்லி உணர்த்தவேண்டும். முதுகு அசையவில்லை. முதலில் விலகுகிறவன் பக்தியில் குறைந்தவன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் மிச்சமிருந்த பதினெட்டுப் பேரும் நின்றோம்.

7 (முதல் முடிவு)

இருபத்திரண்டு முடிந்ததும் அவர் திரும்புகிறார். மச்சான் எழுந்து வருகிறார். இருவரும் கட்டித் தழுவிக்—

(என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கே கூச்சமா இல்லையா?" என்றாள்.)

7 (இரண்டாவது முடிவு)

அவர் திரும்பவே இல்லை. நாற்பது, அறுபது, நூறு. பெருநாள் வந்துவிடுகிறது. கம்பெனி அவர்களைச் சுற்றியே சுவர் எழுப்பி—

(இது நன்றாக இருந்தது. ஆனால் அப்போது ஸ்டோரை யார் திறப்பது?)

7 (நடந்தது)

இருபத்திரண்டாவது ரக்அத்தில் அவர் ஓர் அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தினார். அவருக்கு ஓசைதான் தெரியும், அர்த்தம் தெரியாது. மச்சானுக்கு அர்த்தமும் தெரியும், சின்ன வயதில் மதரஸாவில் ஒழுங்காகப் படித்தவர். அடுத்து வரவேண்டியது தந்தையை இழந்த பிள்ளையைப் பற்றிய வரி. சிக்னல்காரர் அதைத் தெரிந்து செய்யவில்லை. வாய் போன இடத்தில் நிறுத்தினார்.

குரல் வரவில்லை.

அவர் முந்திய வரியைத் திரும்பச் சொன்னார். காத்திருந்தார். மறுபடி சொன்னார். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

என் வலது தோளோடு ஒட்டியிருந்த தோள் குலுங்கியது. மச்சான் அழுதுகொண்டிருந்தார். வாயைத் திறக்கிறார், காற்று வருகிறது, வார்த்தை வரவில்லை. தாடியிலிருந்து சொட்டுவது தெரிந்தது. அவர் எங்கேயும் போய்விடவில்லை. மூன்று வருஷம் கழித்துத் தன் வாப்பாவுக்காக, அதே மருமகனின் முதுகுக்குப் பின்னால் நின்று அழுதார்.

அந்த வரி எனக்கும் தெரியும். எடுத்துக்கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை. 'கதைக்கு இதுதான் உச்சம்' என்று நினைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சிக்னல்காரர் குனிந்தார். நெற்றி வைத்தார். ஸலாம் சொன்னார். எழுந்து, திரும்பாமலே, நேர் எதிரே இருந்த சமையலறைக் கதவு வழியாக வெளியே போய்விட்டார். மச்சான் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். சமையல்காரர் அவரைச் சுற்றியிருந்த மேசைகளையெல்லாம் இழுத்துப் போட்டார். அவர் பக்கத்து மேசையை மட்டும் தொடவில்லை.

8

இனி நான் ஒப்புக்கொள்ளவேண்டிய பாக்கி ஒன்று இருக்கிறது. சிக்னல்காரர் என் அறைதான். இரண்டடுக்குக் கட்டிலில் நான் கீழே, அவர் மேலே.

அன்று படுத்தபிறகு மேலேயிருந்து கேட்டார்.

"ஸ்டோரு, நீங்களும் தொழுதீங்கல்ல? எடுத்துக்கொடுத்தவர் யாருன்னு பாத்தீங்களா?"

"கவனிக்கலையே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? பார்த்தேன் என்றால் எதையெல்லாம் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். தொழுகையில் நின்று கதை கட்டிக்கொண்டிருந்தது தெரிந்துவிடும்.

சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்.

"எங்க மச்சான்தான். கடைசில விட்டுட்டுப் போயிட்டாரு. நான் வேணும்னே நிறுத்துறேன்னு தெரிஞ்சிருக்கும். போதும்னு போயிட்டாரு. மன்னிக்கலன்னுதானே அர்த்தம்?"

நான் தூங்குவதுபோல மூச்சுவிட்டேன்.

மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் சொன்னால் "நேத்து ஏன் சொல்லல?" என்பார். அதற்கடுத்த நாள் கதை பாதியில் இருந்தது, முடிவு தெரிந்தபிறகு சொல்லலாம் என்று பட்டது. இப்படிப் பதினோரு நாள். ஆறு மணி நேரம் வாயை மூடியிருந்தவரைப் பற்றி மூன்று வருஷம் பட்டிமன்றம் பேசியவன் நான்.

இன்று பகல் என் மனைவிக்கு இதுவரை வாசித்துக் காட்டினேன். கோழி கத்தியது. அவள் போகவில்லை.

"அந்த மச்சான் இப்ப எங்க இருக்காரு?"

"காண்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சு. நாளைக்குக் காலைல ஊருக்குப் போறாரு. திரும்பி வரமாட்டாரு."

"நீங்க சிக்னல்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"எழுதிட்டிருக்கேன்."

"எழுதிட்டிருக்கீங்களா? எந்திரிச்சுப் போய்ச் சொல்லுங்க முதல்ல!" என்று போனை வைத்துவிட்டாள். எட்டு வருஷமாகப் போனில் பேசுகிறோம், எனக்கு முன்னால் அவள் வைத்தது இதுதான் முதல் தடவை.

9

மேல் கட்டில் முனகுகிறது. அவர் தூங்கவில்லை.

"என்ன ஸ்டோரு, ராப்பகலா எழுதுறீங்க?"

"கதை."

"யாரப் பத்தி?"

வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. முதல் நாலு தாளை மேலே நீட்டினேன். வாங்கிக்கொண்டார். விரலை வரிக்கு மேல் வைத்து நகர்த்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவர் அவர். பிறை மூன்றாகத் தெரிந்த இடத்தில் சிரித்தார். பிறகு ஒரு தாளைத் திருப்பினார். மூன்றாவது பகுதிக்கு வந்திருப்பார்.

"பத்து மணி இல்ல, பத்தேகால்" என்றார் மெதுவாக.

அடுத்த தாள்களையும் கொடுத்தேன். தோளில் தட்டிய இடம், எட்டு அத்தியாயம், பிளம்பர், சமையல்காரர் எல்லாம் இப்போது மேலே போய்விட்டன. 'நடந்தது' என்று தொடங்கும் தாளும் அதற்கடுத்தவையும் மட்டும் என் மடியில் இருக்கின்றன. அவர் மச்சான் நாலு கட்டடம் தள்ளி ஓர் அறையில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பார். நடந்தால் பத்து நிமிஷம்.

கட்டில் ஓரத்தில் ஒரு கை கீழே தொங்குகிறது.

"அடுத்தது எங்க?"

"இன்னும் முடியல" என்கிறேன்.

"முடிஞ்ச வரைக்கும் குடுங்க."

நான் இந்த வரியை எழுதிக்கொண்டிருப்பதுபோல் பாவனை செய்கிறேன். உண்மையில் எழுத ஒன்றும் பாக்கியில்லை. கை அப்படியே தொங்குகிறது, விரல்கள் ஒருமுறை மூடித் திறக்கின்றன. நீங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டீர்கள், தாள்கள் இப்போது உங்களிடம்தான் இருக்கின்றன. என்னை நம்பாதீர்கள். அவரிடம் கொடுங்கள்.